கோலத்துக்குக் கீழே இருந்த தொட்டி

எங்கள் தெரு வழியாகப் பெரிய குடிநீர்க் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்றதும் ராஜபாளையமே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் சந்தோஷமில்லை. வீடு கட்டும்போது செப்டிக் டேங்கைக் காம்பவுண்டுக்குள் வைக்காமல் வெளியே தெருவில் இறக்கியிருந்தேன். உள்ளே இருந்த இடம் கார் நிறுத்த. கார் இன்றுவரை வரவில்லை. தொட்டி மட்டும் தெருக்கல்லுக்கு அடியில் சௌகரியமாக இருந்தது.

மற்ற நேரமென்றால் நடப்பது நடக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் வீட்டுக்காரிக்கு அப்போதுதான் மதுரையில் மூட்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. குத்தவைக்க முடியாது, நாலு எட்டு வைக்க வாக்கர் வேண்டும். பொக்லைன் வாளி ஒரு தடவை தொட்டியில் இறங்கிவிட்டால் அவள் எங்கே போவாள்? இதை நினைத்தே மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். எந்த வாயால் சொல்ல? எதிர்வீட்டு டீச்சரம்மா தன் வாசல்படியை ஓரடி நீட்டிக் கட்டியதற்கு, "தெரு என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஆள் கூடும்படி கத்தியவன் நான்.

குழாய்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் பிள்ளைகள் தவழ்ந்து போகலாம். தெருமுனையில் முதல் வீடு எங்களுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வந்த சூப்பர்வைசர் எங்கள் சுவரோரமாகவே கயிறு கட்டினார். பொக்லைன் உறுமிக்கொண்டு நின்றது. நானோ வாசலில் நின்று, "நல்லா ஆழமாத் தோண்டுங்கப்பா" என்கிறேன். என் கிறுக்குத்தனத்தை என்னவென்று சொல்ல!

பின்னால் வாக்கர் சத்தம் கேட்டது. வீட்டுக்காரி கோலப்பொடிப் பையை வாக்கரில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"ஏட்டி, உள்ள போ. விழுந்து தொலைக்காத."

"நீங்க சொல்லுதீகளா, நான் சொல்லட்டுமா?"

நான் வானத்தைப் பார்த்தேன். அவள் குனிய முடியாமல் நின்றபடியே பொடியை அள்ளித் தூவினாள். கோணல்மாணலாக ஒரு சதுரம் விழுந்தது.

"இதுக்கடியில எங்க கக்கூஸ் தொட்டி இருக்கு தம்பி. எவனும் வண்டிய ஏத்தி மூடிய ஒடைச்சிரக் கூடாதுன்னு இது மேலதான் அன்னாடம் கோலம் போடுவேன்."

அடிப்பாவி! வாசலுக்கு நேராகக் கோலம் போடத் தெரியாதவள் என்று இத்தனை வருஷம் அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

சூப்பர்வைசர் கயிற்றைக் கீழே போட்டார். தெருவே என்னைப் பார்த்தது. டீச்சரம்மா வீட்டுக் கதவும் திறந்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் கிறிஸ்தவர், கோலம் போடுவதில்லை. கையில் சாக்பீஸோடு இறங்கி வந்து தன் வாசல்படியைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார்.

"எங்களது இங்கன இருக்கு" என்றார் தலை நிமிராமல். மூடியை மறைக்கத்தான் படியை நீட்டினாராம்!

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு பெண்கள் கோலப்பொடியோடு இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவின் இரண்டு ஓரமும் சதுரங்களால் நிறைந்துவிட்டன. பொங்கலன்றுகூட எங்கள் தெரு அப்படி வெளுத்ததில்லை.

சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "ஏன் அண்ணாச்சி, ஒரு வீட்டுலயாவது தொட்டிய உள்ள கட்டியிருக்கீகளா?"

அப்புறம் ஆபீசுக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசினார். குழாய் நடுத்தெருவுக்கு மாறியது. "குடிதண்ணி விடுறதுக்கு முன்னால எல்லாரும் தொட்டிய உள்ள மாத்திரணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். மாட்டேன் என்று யார் சொல்வார்கள்?

பொக்லைன் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. வீட்டுக்காரி உள்ளே போனாள். கக்கூஸில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா! அன்று மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன்.

காருக்கு வைத்திருந்த இடத்தில் புதுத் தொட்டி கட்டினோம். பழைய இணைப்பைத் துண்டித்து மாற்ற ஒரு முழுப் பகல் ஆகும் என்றார் கொத்தனார். அன்று வீட்டுக்காரிக்கு என்ன வழி என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது டீச்சரம்மாவே வந்தார். "நம்ம வீட்டுக்கு வாங்க" என்று அவள் தோளைத் தாங்கித் தெருவைக் கடந்து கூட்டிப் போனார். நான் சண்டை போட்ட அந்தப் படியில் வாக்கரின் நாலு காலும் ஆடாமல் நின்றன.