அடுப்புக்குப் போன மூடி

என் அக்கா ரோசியைக் கட்டியவர் சிலுவைமுத்து மாமா. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய மீன்பாடி வண்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டால் அந்த மனுஷனிடம் பேச என்ன இருக்கிறது? முன்னால் சுமை ஏற்றும் பலகை, பின்னால் சீட்டு, சீட்டுக்கு அடியில் இஞ்சின், மூன்று சக்கரம். விடிந்ததும் காசிமேட்டில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர், எண்ணூர் என்று கடைகடையாக இறக்குவார். திரும்பும்போது சிமெண்ட் மூட்டையோ பழைய கதவோ, எது கிடைத்தாலும் ஏற்றி வருவார்.

இஞ்சின் ஒரு பழைய லாம்பி ஸ்கூட்டருடையது. அந்த ஸ்கூட்டரை இப்போது ரோட்டில் தேடினாலும் பார்க்க முடியாது. தண்ணீரால் குளிரும் இஞ்சின் இல்லை அது. பக்கவாட்டில் ஒரு விசிறி சுற்றும், அந்தக் காற்றில்தான் சூடு இறங்க வேண்டும். சிலிண்டர் ஒரிஜினல், பிஸ்டன் டூப்ளிகேட், கார்புரேட்டர் ஏதோ மொபெட்டிலிருந்து வந்தது, கிளட்ச் ஆட்டோவுடையது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்தக் கூட்டத்தைச் சமாதானம் பண்ணி ஓடவைப்பவர் கலீலுல்லா. மாமாவின் தோஸ்து. மூலக்கொத்தளத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் எதைக் கேட்டாலும் டூப்ளிகேட் சாமானைத் திட்டுவார்.

போன மழைக்காலத்தில் இஞ்சினின் ஹெட், அதாவது சிலிண்டரின் தலையில் உட்காரும் பாகம், விரிசல் விட்டது. ஒரிஜினல் ஹெட்டுக்காகப் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை முழுக்க அலைந்தார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு லோக்கல் ஹெட் வாங்கி மாட்டினார்கள். அது பழையதைவிட அகலம். அதனால் இஞ்சின்மேல் கவிழ்க்கும் தகர மூடி உட்கார மறுத்தது. மூடி ஒரிஜினல், ஹெட் டூப்ளிகேட், இரண்டும் ஒத்துப்போகவில்லை. கலீலுல்லா கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"எண்ணூர் ரோடு பூரா கடல் காத்து கீது மாமு. இந்த மூடி இன்னாத்துக்கு? தொறந்தே கெடக்கட்டும், ஜில்லுனு ஓடும்" என்றார்.

மாமாவும் சரி என்று தலையாட்டினார். கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் காற்றின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. மூடி கொஞ்ச நாள் வீட்டு வாசலில் கிடந்தது. அக்கா சாயங்காலத்தில் வாசலில் மீன் வறுத்து விற்பவள். காற்றில் அடுப்பு அலைபாய்கிறதென்று அந்த மூடியை எடுத்துக் கழுவி அடுப்பைச் சுற்றி நிறுத்திக்கொண்டாள். கச்சிதமாகப் பொருந்தியது.

அதற்கப்புறம்தான் பேஜாரு ஆரம்பித்தது. சுமையோடு கொஞ்ச தூரம் போனால் பிஸ்டன் இறுகி இஞ்சின் ஜாம் ஆகிவிடும். பிஸ்டன்தான் காரணம் என்று கலீலுல்லா ஒரிஜினல் பிஸ்டனைத் தேடிப் போட்டார். மறுபடி ஜாம். ரிங் காரணம் என்றார், ஆயில் காரணம் என்றார். ஒவ்வொரு முறையும் மாமா எண்ணூர் ரோட்டில் வண்டியை இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். அந்த ரோடு எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் இடைவெளியே விடாமல் வந்துகொண்டிருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் குனிந்து வண்டி தள்ளுகிறான் என்றால் வீட்டில் இருப்பவளுக்கு எப்படி இருக்கும்? அக்காவுக்கு லாரி என்றால் அப்படிப் பயம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டியில் ஏறியதே இல்லை.

ஒரு நாள் என்னிடம் வந்து அழுதாள். எங்கேயாவது கூரைக்குக் கீழே ஒரு வேலை பார்த்துக் கொடு என்றாள். நான் சும்மா இருப்பேனா? மாத்தூரில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை இருந்தது. அந்தச் சூப்பர்வைசர் பின்னாலேயே நாயாக அலைந்து, கெஞ்சிக் கூத்தாடி இடத்தைப் பிடித்து வைத்தேன். மாமா பிடி கொடுக்கவே இல்லை. அக்கா விடவில்லை. கடைசியில் மாமா அந்தோணியார் கோவிலுக்கு எதிரிலேயே நின்று சொன்னார்:

"அந்தோணியார் மேல சத்தியமா சொல்றேன். இன்னொரு தபா ரோட்ல ஜாம் ஆச்சின்னா வண்டிய காயலாங்கடைல போட்டுட்டு அந்த வேலைக்குப் பூட்றேன்."

ஜாம் ஆனது. எர்ணாவூர் பக்கத்தில், நல்ல உச்சி வெயிலில். மாமா யாரையும் திட்டவில்லை. வண்டியைத் தள்ளி வந்து வாசலில் நிறுத்திவிட்டு, மறுநாள் என்னோடு மாத்தூருக்கு வந்தார். சூப்பர்வைசர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். யூனிஃபார்முக்கு அளவெடுத்தபோது கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், இறக்கச் சொன்னால் இறக்கினார். வீடு திரும்பியதும் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு வண்டியைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். விற்கப்போகிற வண்டிக்கு எதற்குத் துடைப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் கலீலுல்லா வந்தார். பழைய இரும்புக்கு எடைபோடும் காயலாங்கடை வரைக்குமாவது சொந்தக் காலில் போகட்டும் என்று இஞ்சினைப் பிரித்து, இறுகிய பிஸ்டனை விடுவித்து, மறுபடி பூட்டி ஸ்டார்ட் செய்தார். வண்டி அக்காவின் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. அக்கா மீனைத் திருப்பிப் போட்டவள் திடீரென்று காலைப் பார்த்தாள். புடவைக் கரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மீன் மடிக்கிற பேப்பரில் ஒன்றைக் கிழித்து இஞ்சின் பக்கத்தில் பிடித்தாள். பேப்பர் வெளிப்பக்கமாகப் பறந்து தெருவில் விழுந்தது. அடுத்து அடுப்பைச் சுற்றியிருந்த மூடியைக் கொஞ்சம் விலக்கினாள், தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரும்ப வைத்தாள், தீ நிமிர்ந்தது. என்ன பண்ணுகிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வறுக்கிற வேலையைப் பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா வண்டியைக் காயலாங்கடைக்கு எடுக்கக் கிளம்பினார். துணைக்கு நானும் கலீலுல்லாவும் நின்றிருந்தோம். அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் அந்த மூடி, கரியெல்லாம் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. மாமா முன்னால் வைத்தாள்.

"இத்த மாட்டிட்டு அப்பால ஸ்டார்ட் பண்ணு. விசிறி அடிக்கிற காத்து இஞ்சினாண்ட போவல. எல்லாம் என் கால்ல அடிக்கிது."

கலீலுல்லா மூடியைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். விசிறிக் காற்றை வெளியே விடாமல் இஞ்சின் பக்கம் திருப்புவதே அந்த மூடிதான். இத்தனை மாசமாக ஒரு பாவமும் அறியாத பிஸ்டனைத் திட்டியிருக்கிறேனே என்று அவரே சிரித்தார். உளியும் சுத்தியும் எடுத்து, ஹெட் இடித்த இடத்தில் மூடியை வெட்டினார். வெட்டிய ஓட்டையை ஒரு பிஸ்கட் டின்னின் தகரத்தால் மூடி ஸ்க்ரூ போட்டார். ஒரிஜினல், லோக்கல், பிஸ்கட் டின் மூன்றும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. மாமா மட்டும் தொடவில்லை. சத்தியம் பண்ணியாயிற்றே என்று நின்றார். அந்தோணியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன், மெழுகுவத்தி என் பொறுப்பு என்றாள் அக்கா. அதற்கப்புறம் மாமா சீட்டில் ஏறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. சுமை ஏற்றிக்கொண்டு எண்ணூர் வரை போனார், வந்தார். இஞ்சின் எங்கேயும் நிற்கவில்லை.

ஆனால் நான் சூப்பர்வைசர் முகத்தில் எப்படி முழிப்பேன்? ரெண்டு நாள் கழித்துச் சாயங்காலமாகப் போய் அக்காவிடம் சண்டை போட்டேன். நீதானே அழுதாய், வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நீ கேட்டதெல்லாம் நடந்திருக்குமே என்றேன். அடுப்பைச் சுற்றி மிச்ச பிஸ்கட் டின் தகரம் நின்றது. அது போதவில்லை, தீ சாய்ந்து சாய்ந்து எரிந்தது. அக்கா மசாலா தடவிய ஒரு மீனைக் கையில் எடுத்தாள், எண்ணெயில் போடவில்லை.

"அன்னிக்கு ராத்திரி பூரா சொல்லக் கூடாதுன்னுதான்டா இருந்தேன். ஆனா மாத்தூர்லேந்து வந்து குந்தினு இருந்தாரே, அந்த மூஞ்சிய என்னால தாங்க முடில. லாரிய நெனச்சா இப்பவும் எனக்கு பயந்தான். பயம் என்னுது, அத்த நான் வச்சிக்கிறேன். வண்டி அவருது, அத்த அவரு வச்சிக்கட்டும்."

போனை எடுத்து, ஆள் வரமாட்டார் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் திட்டியதை வாங்கிக்கொண்டேன். அதற்குள் சந்து முனையில் இஞ்சின் சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை கையிலேயே வைத்திருந்த மீனை எண்ணெயில் போட்டாள்.