பிளஷரின் முன்சீட்டு

என் மகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். ஐந்து பேர் உட்காரலாம் என்கிறார்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன், அந்த ஐந்தில் நான்கு எனக்குக் கிடையாது. ஓட்டுகிற இடம் அவனுடையது. முன்சீட்டு மருமகளுடையது. பின்னால் இரண்டு ஜன்னலோரமும் பேரப்பிள்ளைகளுடையவை. நடுவில், கீழே ஒரு மேடு தட்டி முழங்கால் மோவாய்க்கு வருகிற இடம் ஒன்று இருக்கிறதே, அது என்னுடையது. போன மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி கோயிலுக்குப் போனபோது வழியிலிருந்த வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே போனேன். இறங்கியதும் எண்ணிக்கையைச் சொன்னேன். "சரிப்பா" என்றான் மகன்.

முன்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். அது இவர்களுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு அடிக்கடி மாற்றலாகிற உத்தியோகம். என் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று, அம்மாவின் தம்பி வீட்டில் என்னை விட்டிருந்தார்கள். திருச்சுழிக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊர். மாமாவுக்குப் பருத்தியும் மிளகாயும் போடுகிற நிலம் இருந்தது. ஒரு ஜோடி மாடு இருந்தது. ஒரு பிளஷரும் இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது காருக்குப் பிளஷர் என்றுதான் பெயர். அது எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து வண்டி என்று யாரும் கேட்டதில்லை. மதுரையில் ஒரு வெள்ளைக்காரன் விட்டுப் போனது, மூன்று கை மாறி மாமாவிடம் வந்தது. கறுப்பு நிறம். முன்விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கதவுக்குக் கீழே கால் வைத்து ஏற ஒரு பலகை. பாட்டரி பேருக்குத்தான். வண்டியின் மூக்குக்குக் கீழே இருக்கும் ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகி, காலை ஊன்றி, மாமா ஒரு சுழற்றுச் சுழற்றுவார். அது இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாம் முறை பேச ஆரம்பிக்கும். வேறு யார் சுழற்றினாலும் இருமலோடு நின்றுவிடும். அதில் மாமாவுக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை.

அந்தப் பிளஷர் அத்தைக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்த அத்தை அதைத் தன் சக்களத்தி மாதிரி "மூத்தா" என்றுதான் சொல்லுவாள். கோடையில் ஊர்க் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். பெண்கள் கால் கடுக்க நின்று சுரண்டி எடுத்து வருவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மாமா அதிலிருந்து ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிளஷரைக் கழுவுவார்.

"மூத்தாளுக்கு எண்ணெ தேச்சு விட்டாச்சா? இல்ல, சீயக்காயும் வேணுமா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"தூசி படிஞ்சா பெயின்ட்டு போயிரும், புள்ள."

"எனக்கும்தான் தூசி படியுது. எம் பெயின்ட்டப் பத்தி இங்க யாரு கேக்கா?"

மாமா சிரித்துக்கொண்டே விளக்குகளைத் துணியால் துடைப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அத்தைக்கு வண்டியைக் கண்டால் ஆகாது, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அதை விற்கச் சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பயம்.

எனக்கு வேண்டியது முன்சீட்டு. மாமாவுக்குப் பக்கத்தில், கண்ணாடி வழியாக ரோடு நம்மை நோக்கி ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டு போகிற இடம். அதை நான் ஒரு நல்ல உபாயத்தால் பிடித்திருந்தேன். முதல் தடவை போனபோது பின்சீட்டில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. அன்று திரும்பும்போது முன்னால் ஏற்றினார்கள், வரவில்லை. அதற்குப் பிறகு நான் பின்கதவுப் பக்கம் போனதேயில்லை. யாராவது முன்னால் ஏற வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். ஒருமுறை கிராம முன்சீப்பே ஏற வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனார்.

"மருமகன் முன்னால உக்காரட்டும், வெளையாட்டில்ல, வண்டி நாறிப்போகும்" என்பார் மாமா.

சனிக்கிழமைதோறும் அருப்புக்கோட்டைக்குப் போவோம். மாமாவுக்குப் பருத்திக் கமிஷன் கடையில் வேலை. அத்தைக்குச் சாமான் வாங்க வேண்டும். மல்லிகைப்பூ வாங்க வேண்டும். அவள் பின்சீட்டில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வருவாள். நடுவில் ஏதாவது பேசுவாள். இன்ஜின் சத்தத்தில் மாமாவுக்குக் கேட்காது.

"என்னவாம் ஒங்க அத்தைக்கு?" என்று என்னிடம் கேட்பார்.

"ஒண்ணுமில்லயாம்" என்பேன். ரோட்டைப் பார்க்கிற வேலையில் திரும்பிக் கேட்க எனக்கு நேரமிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் தொழுவத்துச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவேன். முன்சீட்டில் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. என் வகுப்பில் படித்த எவனுக்கும் ஒரு கோடு போடக்கூட வக்கில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. டயர் தேய்ந்தது, அந்த அளவு டயர் மதுரையிலும் கிடைக்கவில்லை. மாமா ஒருநாள் சாப்பிடும்போது, வண்டியைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அத்தை குழம்பு ஊற்றிய கரண்டியோடு அப்படியே நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவு நான் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அவள் அள்ளி வைத்ததை அப்படியே ஒதுக்கினேன். அவள் கேட்கவும் இல்லை.

வாங்க வந்தவர் அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்த முதலாளி. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. ஒரு டிரைவரையும் ஒரு ரோஜா மாலையையும் கூட்டிக்கொண்டு காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார். மாமா விடியுமுன்பே எழுந்து பிளஷரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அன்று அத்தை தண்ணீர்க் கணக்குக் கேட்கவில்லை. குங்குமக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வண்டியின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன். இறங்குகிற எண்ணமில்லை.

மாமா ஹேண்டிலைச் செருகிச் சுழற்றினார். மூன்றாம் முறை வண்டி பேசியது. ஹேண்டிலை உருவித் தரையில் வைத்துவிட்டு, இன்ஜின் சூடாகட்டும் என்று நின்றார். அப்போதுதான் அத்தை முதலாளியிடம் கேட்டாள்:

"ஏண்ணே, புதுக் கயிறு கொண்டாந்துருக்கீகளா?"

முதலாளிக்கு விளங்கவில்லை. மாமா சிரித்தார். "மாட்டுக்குத்தான் புள்ள அந்த வழக்கமெல்லாம்."

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றோடு வந்து பூட்டிப் பிடித்துப் போக வேண்டும். பழைய கயிறு தொழுவத்துச் சுவர் முளையிலேயே தொங்கும். மாடு போனாலும் வீட்டின் நல்ல காலம் அதோடு போய்விடாது என்று ஒரு நம்பிக்கை.

"நாலு காலு இருந்தாத்தான் மாடா? நாலு சக்கரம் இருந்தா ஆகாதா? ரெண்டும் நம்ம வாசல்ல நின்னதுதான" என்றாள் அத்தை.

"காருக்குக் கயிறு சாவிதான. அதக் குடுக்காம எப்படித் தங்கச்சி ஓட்டுறது?" என்று முதலாளி சிரித்தார். பிறகு மாமா சாவியில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, சாவியை மட்டும் கொடுத்தார். முதலாளி ஒரு நூல் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சாவியில் கட்டிக்கொண்டார். நூல் கடைக்காரர் அல்லவா. எல்லோருக்கும் திருப்தி.

என்னைத்தான் யாராலும் திருப்திப்படுத்த முடியவில்லை. மாமா என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினார். அந்த இடத்தில், என் சூடு ஆறாத இடத்தில், முதலாளி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் திருநீற்று நெற்றியின் மேல் எனக்கு உண்டான பொறாமை இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. மாலையோடு பிளஷர் தெருமுனை திரும்பிற்று. தூசி அடங்குகிற வரைக்கும் மாமா அங்கேயே நின்றார். அத்தையை வாசலில் காணவில்லை.

உச்சி வெயிலில் முதலாளி திரும்பி வந்தார், ஒரு மாட்டுவண்டியில். வெள்ளைச் சட்டை புழுதி நிறமாகியிருந்தது.

ரயில்வே கேட்டில் நடந்த கதையைச் சொன்னார். கேட் சாத்தியிருந்திருக்கிறது. பெட்ரோல் எதற்கு வீண் என்று டிரைவர் இன்ஜினை அணைத்திருக்கிறான். ரயில் போயிற்று, கேட்டும் திறந்தது, பிளஷர் மட்டும் நகரவில்லை. சீட்டுக்கு அடியில் பார்த்தால் ஹேண்டில் இல்லை. பின்னால் வந்த வண்டிக்காரர்களெல்லாம் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனார்களாம். "மாலையப் போட்டு நடு ரோட்டுல நிக்கிது அண்ணாச்சி, பொணம் கணக்கா" என்றார். அழுகிற குரல்.

மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் எடுக்கல" என்றேன். உண்மைதான். இப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

"ஏலே, சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா. வேணும்னா என் பையத் தேடிப் பாருங்க."

கைநீள இரும்பை என் கால்சட்டைப் பையில் எப்படி வைப்பது என்று மாமாவும் கேட்கவில்லை. வாசல், குதிர், வைக்கோல் படப்பு எல்லாம் தேடினோம். அத்தை மட்டும் தேடவில்லை. முதலாளிக்கு மோர் கலக்கப் போய்விட்டாள். கடைசியில் தொழுவத்தில் கிடைத்தது. விற்ற மாடுகளின் கயிறுகள் தொங்குகிற முளையில், அவற்றுக்கு நடுவே ஹேண்டில் மாட்டியிருந்தது. அதன் பிடியில் குங்குமம். கூடவே ஒரு துண்டு மல்லிகைச் சரம்.

மாமா அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மோர்ச் சொம்போடு வாசற்படியில் நின்ற அத்தையைப் பார்த்தார். அவள் சொம்புக்குள் பார்த்தாள்.

"நாந்தான் மொதலாளி மாட்டுனேன். கயித்தக் குடுக்கக் கூடாதுங்கற ஞாபகத்துல கை தானாப் போயிருச்சு" என்றார் மாமா. மாமா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். யாருக்காகச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. என்மேல் பழி இல்லை என்பதே போதுமாக இருந்தது.

ஹேண்டிலை எடுத்துக்கொண்டு மாமாவும் முதலாளியும் மாட்டுவண்டியில் ஏறினார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். "நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள் அத்தை.

ரயில்வே கேட் பக்கத்துக் கருவேல நிழலுக்குப் பிளஷரைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். மாலை வாடியிருந்தது. டிரைவர் காலடிப் பலகையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமா ஹேண்டிலைச் செருகினார். மூன்றாம் முறை பேசியது. அதை அணைத்துவிட்டு, டிரைவரையும் ஒருமுறை சுழற்றச் சொன்னார். வண்டி இருமலோடு நின்றது. மறுபடி அவன்; மறுபடி இருமல்.

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, இன்னும் ஒரு கேட்ட நான் தாங்க மாட்டேன். என் கடை வரைக்கும் நீங்களே ஓட்டிக் குடுத்துருங்க. அங்க வச்சு இவனுக்குப் பழக்கி விட்டாப் போதும்."

மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதற்குள் என் கால்கள் முன்கதவுக்கு ஓடிவிட்டன. ஆனால் கதவுப் பிடியில் ஏற்கெனவே ஒரு வளையல் கை இருந்தது. அத்தை கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் எதிரில், புருஷனுக்குப் பக்கத்தில்.

"அத்தை, எனக்கு வாந்தி வரும்!"

"வரட்டும்" என்றாள்.

"மாமா!"

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறுலே மருமகனே, நேரமாகுது" என்றார்.

பின்சீட்டில் முதலாளிக்கும் டிரைவருக்கும் நடுவில் என்னைச் செருகினார்கள். கீழே மேடு. முன்னால் இரண்டு தலைகள். ரோடு தெரியவில்லை. மாமா என்றைக்கும் இல்லாத அளவுக்கு மெதுவாக ஓட்டினார். அத்தையின் தலையில் முந்தானை இல்லை. காற்றில் முடி பறந்தது. அவள் என்னவோ சொன்னாள், மாமாவுக்குக் கேட்டது, சிரித்தார். அவரும் ஒன்று சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள். என்னவாம் என்று கேட்டேன். இரண்டு பேரும் திரும்பவில்லை. பொறாமையில் எனக்கு நிஜமாகவே வயிற்றைப் புரட்டியது. நான் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டதும், திரும்பாமலே அத்தையின் கை பின்னால் வந்தது. கையில் எலுமிச்சம்பழம்.

"இந்தா மருமகனே, மோந்துக்க. நின்னுரும்."

நின்றது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில்தான் ஊருக்குத் திரும்பினோம். அத்தை முன்னால் பெண்கள் பக்கம் போய்விட்டாள். மாமாவும் நானும் பின்னால். மாமா மறுபடி எனக்குக் கிடைத்துவிட்டார் என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். அவர் நான் சாய்ந்ததைக் கவனிக்கவில்லை. கூட்டத்துக்கு மேலாக எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கரித்துண்டை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். அன்றைக்குக் கோடு போடலாமா கூடாதா என்று வெகுநேரம் யோசித்தேன். முன்சீட்டில் போகவில்லை, போடவில்லை. அதுவரை போட்ட கோடுகளை இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தேன். பையில் அந்த எலுமிச்சம்பழம் இன்னும் இருந்தது. வழியெல்லாம் கைக்குள் வைத்துக் கசக்கியதால் தோல் துவண்டு போயிருந்தது. அதை மாட்டுத் தொட்டிப் பக்கம் எறிந்தேன். சுவரிலிருந்த ஒவ்வொரு கோட்டுக்கும் பின்சீட்டில் அத்தையின் கையில் ஒரு பழம் என்கிற கணக்கு மட்டும் அன்று எனக்கு வரவில்லை.