செல்வம்மாள் முகத்தில் கிடந்த விண்டோ

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, டிசைன் செய்வது குருமூர்த்தி அண்ணன்தான். கறுத்த முகத்தைச் சிவப்பாக்கச் சொன்னால் மட்டும் கோபம் வரும். மற்றபடி வாயைத் திறக்காத மனுஷன். மனைவி இறந்தபிறகு செட்டிகுளத்தில் தனி வாசம். சாயங்காலம் கடையைப் பூட்டப் போனால், "வூட்டுக்குப் போயி என்னம்மா பண்ணப்போறேன், இன்னும் கொஞ்சம் வேல இருக்கு" என்பார். ஒரு வேலையும் இருக்காது.

ஒரே மகள் பூங்குழலி சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். அவர்கள் புதிதாக ஒரு சாட் ஆப் தயாரித்தார்கள். வெளியே விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று கடையில் அப்பா வேலை பார்க்கும் கம்ப்யூட்டரிலும் அதைப் போட வைத்தாள். "எதாச்சும் தப்பா இருந்தா உடனே சொல்லுங்கப்பா" என்றாள். அதுதான் வினையாகிப் போனது.

'சாப்பிட்டியாம்மா' என்று இவர் அனுப்பினால் அங்கிருந்து ஒரு கட்டைவிரல் பொம்மை வரும். சில நாள் அதுவும் வராது. 'மெசேஜ் வந்தா மணி சத்தம் கேக்கல' என்று அனுப்பினால் போதும், அடுத்த நிமிஷமே 'எப்பருந்துப்பா? ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க' என்று பரபரப்பாள். மனுஷன் இதைப் பிடித்துக்கொண்டார். மருமகள் சமையலில் மாமியார் குறை தேடுவாளே, அந்த மாதிரி அந்த ஆப்பில் குறை தேட ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல் வரும். இரக்கமாகவும் இருக்கும்.

அந்தக் கறுப்பு சாட் விண்டோவை, அடியில் இருப்பது தெரியும்படி கண்ணாடி மாதிரி மங்கலாக்கிக்கொள்ள அதில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இழுத்து வைக்கலாம். அண்ணன் அதை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கலாக்கி, வேலை செய்யும் படத்தின் மேலேயே போட்டுவைத்தார். ஓரத்தில் வைத்தால் அவள் அனுப்புவது கண்ணில் படாமல் போய்விடுமாம்.

போன மாதம் ரஞ்சன்குடி பிச்சைமுத்து தன் அம்மா செல்வம்மாளின் கருமாதிக்கு ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னாக்கா இது? எங்கம்மாவுக்குப் பாதி மூஞ்சியில பவுடர் அப்பி வச்சிருக்கீங்க? ஊரே நின்னு சிரிக்குது."

விரித்துப் பார்த்தேன். வலது கண்ணும் கன்னமும் வெளுத்துக் கிடந்தன. மூக்கை ஒட்டி நேராக ஒரு கோடு. எனக்குத் தலைக்கு மேல் கோபம். "அண்ணே, இங்க வாங்க" என்று போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

அண்ணன் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். வெளுப்பு அப்படியே தெரிந்தது. சாட் விண்டோவை இழுத்து அந்த வெளுத்த இடத்தின் மேல் வைத்தார். முகம் சரியாகிவிட்டது. மங்கலான விண்டோ கிடந்த இடம் இருட்டாகத் தெரிந்திருக்கிறது. பழைய படம், ஒரு பக்கம் மங்கிவிட்டது என்று நினைத்து அங்கே மட்டும் வெளிச்சம் ஏற்றியிருக்கிறார்.

உற்றுப் பார்த்தபோது செல்வம்மாளின் கன்னத்தின் மேல் எழுத்துகள் தெரிந்தன. எல்லாம் இவர் அனுப்பியவை. 'எழுந்திட்டியாம்மா.' 'மழையா அங்க.' 'தீபாவளிக்கு வருவியா.' ஒன்றுக்கும் பதில் இல்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பிச்சைமுத்துவுக்கு வேறு ஃபிளெக்ஸ் சும்மா அடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

அண்ணன் நடந்ததை மகளுக்கு எழுதினார். உடனே போனே வந்துவிட்டது. "சூப்பர்ப்பா! எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இது தோணல" என்று அவள் சிரித்தது எனக்கே கேட்டது. அன்றைக்கு அண்ணன் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க, விண்டோவுக்கு இடம் விட்டுப் படத்தைத் திரையின் இடது பக்கம் தள்ளி வைத்து வேலை பார்த்தார்.

அடுத்த வாரம் ஆப்பின் புதுப் பதிப்பு வந்தது. 'உங்களுக்காகவே சரி பண்ணோம்ப்பா' என்று எழுதியிருந்தாள். புதுச் செய்தி இல்லாதபோது விண்டோ தானாக முழுசாக மறைந்துவிடும். வந்தால்தான் தெரியும்.

அண்ணன் போட்டுக்கொண்டார். விண்டோ மறைந்தது. அன்றைக்கு அது திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் படத்தை இன்னும் இடது பக்கம்தான் வைத்திருக்கிறார்.

"ஏண்ணே, பாதி ஸ்கிரீன் சும்மாதான கெடக்குது, படத்த நடுவுல வச்சா என்ன?" என்று நேற்றுக் கேட்டேன்.

"இருக்கட்டும்மா" என்றார். "பாப்பா வந்தா எடம் வேணுமில்ல."