குறட்டைக்கு ஆதாரம்

டயர் கடைக்காரருக்குக் கோபம் வருவதே அபூர்வம். பஞ்சர் ஒட்டி முடித்த பிறகு ஒருவன் பேரம் பேசினாலும் சிரித்துவிட்டுப் போகிறவர். அப்படிப்பட்ட மனுஷன் அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார்.

காரணம், மனைவியின் கம்ப்யூட்டர். கணக்கு டீச்சரான அவள், மகள் காலேஜுக்குப் போன தைரியத்தில் தானும் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்புக்குச் சேர்ந்திருந்தாள். தூக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தின் தேடல் பக்கத்தைத் திறந்து ‘குறட்டை’ என்று தட்டியிருந்தாள். கட்டுரைகள் மலையாகக் குவிந்திருந்தன.

“நம்ம வீட்டுச் சமாசாரத்தை யூனிவர்சிட்டி வரைக்கும் கொண்டு போயிட்டியா?”

“ஐயோ, உலகத்துல நீங்க ஒருத்தர்தானா குறட்டை விடுறீங்க?”

“அப்போ அது நல்லதுன்னும் எவனாவது எழுதியிருப்பான். தள்ளு, நான் தேடுறேன்.”

உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார்: ‘என் குறட்டையால் என் மனைவிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று காட்டும் கட்டுரை வேண்டும்.’ எதுவும் கிடைக்கவில்லை என்றது திரை.

“அதுகிட்ட கதை சொல்லாதீங்க. முக்கியமான வார்த்தையை மட்டும் போடுங்க” என்றாள் மனைவி.

‘குறட்டை, நன்மை’ என்று போட்டார். பன்றிகள் தூங்கும் விதம் பற்றிய ஆய்வு ஒன்று முதலில் வந்து நின்றது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் விடுவதாயில்லை. ஓரத்துக் கட்டங்களில் டிக் போட்டுப் பழைய கட்டுரைகளைக் கழித்தார். வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டார். சாப்பாடு ஆறிப்போனது. திடீரென்று துள்ளி எழுந்தார்.

“இங்க வா, இதைப் படி! பொம்பளைங்களும் குறட்டை விடுறாங்களாம். ஆனா கேட்டா ஒத்துக்கிறதில்லையாம்!”

“நானா? குறட்டையா?” அவள் மகளைப் பார்த்தாள்.

“என்னை இழுக்காதீங்கம்மா. ரெண்டு பேர்ல முதல்ல யார் ஆரம்பிக்கிறீங்கன்னுதான் எனக்குத் தெரியாது.”

டீச்சருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்ததும் தான் எழுதியதை எடுத்துப் புரட்டினாள். கூட வேலை பார்க்கும் டீச்சர்களிடம் ‘குறட்டை விடுவீர்களா’ என்று கேட்டு வாங்கிய பதிலை நம்பித்தான் அவள் தன் கட்டுரையில் பாதியை எழுதி வைத்திருந்தாள். அதில் ஒருத்திகூட ஆமாம் என்று சொல்லவில்லை.

“மறுபடியும் கேக்கணும்ங்க. இந்தத் தடவை அவங்க வீட்டுக்காரங்களை” என்றாள்.

கேட்டாள். கணவன்மார்கள் கொட்டித் தீர்த்தார்கள். பேராசிரியர் கட்டுரையை மெச்சினார். டீச்சர்கள் அறையில்தான் வெகுநாள் யாரும் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

தலைமை ஆசிரியையின் கணவர் மட்டும் காற்றடிக்கும் சாக்கில் டயர் கடைக்கு வந்து, காரணம் எதுவும் சொல்லாமல், கடைக்காரரின் கிரீஸ் படிந்த கையைப் பிடித்து ரொம்ப நேரம் குலுக்கிவிட்டுப் போனார்.