லீலாபாய் மாமி யாரிடமும் சொல்லவில்லை

“மாமி, வீட்டுக்குள்ள எதுக்கு மாஸ்க்?” என்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

“டிவியில செய்தி வாசிக்கிறவன் இருமினான் மக்கா.”

“அவன் சென்னையில இல்லா இருக்கான்?”

“லைவ்னு போட்டிருந்துது.”

“ஆண்டவர் பாத்துக்குவாருன்னு நேத்து சொன்னிய.”

“பாத்துக்குவாரு. இப்ப அவருக்கு எத்தன வீடு. நம்ம வீட்டு வேலைய கொஞ்சம் கொறச்சுக் குடுப்போம்.”

இது கொரோனாவின் முதல் வருஷம். பக்கத்து வீட்டு லீலாபாய் மாமி தையல்காரி, கணவனை இழந்தவள். பல்லி, இடி, நர்ஸ் கையில் இருக்கும் ஊசி எல்லாவற்றுக்கும் பயம். ஜெபத்துக்கு மட்டும் பயமில்லை.

ஊரில் ஒரு கதை வெளியே போகக் கூடாது என்றால் அதை மாமியிடம் சொல்லக் கூடாது. அவள் புறணி பேசமாட்டாள், அது பாவம். ஜெபிப்பாள். “ஆண்டவரே, ஷாஜனுக்குக் கத்தாரில் வேலை போனதை அவன் மாமியார் இன்னும் அறியாள், அறியும்போது அவளைத் தாங்கும்” என்று ஒரு வீட்டு ஜெபத்தில் உருகினாள். மாமியார் பக்கத்துப் பாயில்தான் முழங்காலில் நின்றிருந்தார்.

மாமி வீட்டுக்கு அந்தப் பக்கம் பூங்கனியின் வீடு. அய்யாவைக் கும்பிடும் அய்யாவழிக் குடும்பம். கணவர் சுயம்புவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தண்ணீர் குடிக்கவும் பூங்கனி தூக்கி உட்கார வைக்க வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் வந்தது, நாக்கில் ருசி போனது.

“என்னக் கொண்டு போனா இவருக்கு ஆளில்ல. யார்கிட்டயும் சொல்லிராத லீலா” என்றாள்.

மாமி யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை சபைப் பெண்கள் செல்போனில் கூடி ஜெபித்தபோது ஆண்டவரிடம் மட்டும் சொன்னாள், பேரும் வீட்டு அடையாளமும் சேர்த்து. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். காலையில் சுகாதாரத் துறை வண்டி வந்தது.

பூங்கனியைக் கொரோனா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுயம்புவுக்குத் தொற்று இல்லை என்று விட்டுவிட்டு, தெருப் பக்கம் தகரம் அடைத்தார்கள். தோவாளையில் இருந்த சொந்தக்காரர்கள் போனில் நிறைய அழுதார்கள். ஒருவரும் வரவில்லை.

முகாமிலிருந்து பூங்கனி மாமியை அழைத்தாள். “உனக்க ஆண்டவருக்கு மெதுவா சொன்னா காது கேக்காதா?”

மாமி போனை வைத்தாள். இறந்துபோன கணவரின் மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, பூங்கனி வீட்டுப் பின்பக்க மதில் ஏறி உள்ளே போனாள். சுயம்பு பயந்து கத்தினார்.

“சவம், கத்தாதீங்க, நான்தான். வாயத் திறங்க, கஞ்சி” என்றாள்.

நெற்றியில் திருநாமம் இடாமல் அவர் கஞ்சி தொடமாட்டார். வலக்கை வராது. மாமியின் சபையில் குங்குமம் தொட்டாலே போதகர் வீடு தேடி வருவார். இருந்தும் மாமி கையுறை விரலால் வெள்ளை மண்ணைக் குழைத்து இழுத்துவிட்டாள். கோணலாக வந்தது.

கண்ணாடி கேட்டுப் பார்த்த சுயம்பு, “இது நாமமா, ராக்கெட்டா? அய்யா பாத்தா சிரிப்பாரு” என்றார்.

“சிரிக்கட்டும். குடிங்க.”

தினமும் ராக்கெட் விட்டாள். பயம் ஒரு நாளும் குறையவில்லை; போகும்போதும் வரும்போதும் சோப்புத் தேய்த்துக் கை வெளுத்துப்போனது.

பிறகு ஒரு மத்தியானம் அவள் போனுக்குச் செய்தி வந்தது. பூங்கனியை முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றி, ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். சுயம்புவிடம் சொல்லக் கூடாது. பூங்கனி பிழைத்து வந்தாள் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அன்று தெரியாது.

மாமி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மதிலோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, எனக்கு மனசுக்குள்ள ஜெபிக்க வராது. தொடங்குனா தெருமுக்கு வரைக்கும் கேக்கும். அங்க படுத்திருக்க மனுசன் காதுல விழுந்தா தாங்கமாட்டாரு. நீ இங்கிலீஷ்ல படிச்சவ இல்லா, எனக்காக இங்கிலீஷ்லயே ஒரு ஜெபம் பண்ணு மக்கா. பேரு மட்டும் சொல்லாத. தகரம் அடிச்ச வீடுன்னு சொன்னா போதும், ஆண்டவருக்குத் தெரியும்.”