நாலு சத்தமும் ஒன்றான நாள்

எனக்கு வயசு எழுபத்து நாலு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தன் பிள்ளைகள் இரண்டும் என் கையால் தின்று ஆளானவைதான். எழுத்து எனக்குக் கையெழுத்துப் போடுகிற மட்டுக்குத்தான் தெரியும். பஸ் போர்டை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். பேச்சு என்னுடையது, பிழை இருந்தால் அவளுடையது.

போன வாரம் எங்கள் வலியசாலைத் தெருவில், எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வேன் வந்து நின்றது. பந்தல் கம்பி, சரிகைத் துணி, கூடை கூடையாகச் செவ்வந்தி. பூ வாசனை வீட்டுக்குள் வரை வந்தது. வேனில் என்ன எழுதியிருக்கிறது என்று பேத்தியிடம் கேட்டேன். "ஈவென்ட் மேனேஜ்மென்ட்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 

அந்த வார்த்தையை நான் ஒரு தடவை தப்பாக எடுத்துக்கொண்டது கழக்கூட்டம் என்கிற இடத்தில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். என் வீட்டுக்காரர் காலமான பிறகு அங்கே டீ போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அவர் கிழக்கேகோட்டை ஹோட்டலில் டீ மாஸ்டர். இஞ்சியைத் தோலோடு தட்டிப் போட வேண்டும் என்பது அவர் சொன்னதுதான். தோலைச் சீவினால் வாசனை பாதி போய்விடும். என் டீயைக் குறை சொன்ன ஒரு ஆள் அந்தக் கட்டிடத்தில் கிடையாது.

நான் டீ போடுகிற பேன்ட்ரிக்கு அடுத்தாற்போல ஒரு பெரிய அறை. சுவர் முழுக்க டிவி மாதிரி திரைகள். எங்கேயோ உள்ள பாங்கு, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களை இங்கிருந்தே கண் மூடாமல் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு நாலு சாதனம். கோளாறு வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். ஒன்று கோழிக்குஞ்சு போலக் கீச்சிடும். ஒன்று குக்கர் விசில். ஒன்று காலிங்பெல். நாலாவது, தொண்டையில் சளி கட்டிய கிழவன் மாதிரி. எங்கேயாவது ஒரு வயர் அறுந்தால் போதும், நாலும் ஒன்றாக அழும். உடனே ஆள் ஆளுக்கு எழுந்து, மலையாளத்தில் "என்றெ அல்ல! என்றெ அல்ல!" என்பார்கள். என்னுடையது இல்லை, உன்னுடையதுதான் என்கிற வழக்கு. அதில் சத்தம் பெரிது வினோதுக்கு. நெட்வொர்க் பார்க்கிற பையன்.

அந்த வழக்குக்கெல்லாம் நடுவர் ஷீலா. கல்லாறுக்காரி. அம்மா அங்கே ஆற்றோரத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்தாள், ஒற்றை ஆளாக. ஷீலாவுக்குத் தனியாக ஒரு சாதனமும் கிடையாது. நாலு அழுகையையும் காதில் வாங்கி, எது நிஜ அழுகை, எது கூட அழுகிற அழுகை என்று பிரித்து, "வினோதே, நின்றெதாணு. போய் நோக்கு" என்பாள். உன்னுடையதுதான், போய்ப் பார் என்று தீர்ப்பு. அதோடு அடங்கும். அதற்குள் நான் வைத்த டீ ஆறிப்போயிருக்கும்.

ஒரு நாள் காலையில் மேனேஜர் சார் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார். நான் தட்டோடு உள்ளே போகும்போது காதில் விழுந்தது இவ்வளவுதான்: "ஈவென்ட் மேனேஜ்மென்ட்... எல்லாத்தையும் சேர்த்து வைக்கப் போறோம்... ஷீலா முன்னால நிப்பா."

ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்றால் இந்த ஊரில் கல்யாணக் காண்ட்ராக்ட் அல்லவா? சேர்த்து வைக்கப் போகிறார்கள் என்று வேறு சொல்கிறார். எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. ரொம்ப நாளாகவே மனசில் ஒரு கணக்கு இருந்தது. ஷீலாவின் கையைப் பிடித்து, "மக்கா, மாப்பிள வினோதுதானே?" என்று கேட்டுவிட்டேன். சபையில்.

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அம்மா, இவளைக் கெட்டுறதுக்கு நான் அந்த சர்வரைக் கெட்டிக்கிடலாம். ரீஸ்டார்ட் பண்ணினா அதாவது வாயை மூடும்" என்றான் வினோத்.

"போடா! உன் நெட்வொர்க் அழாத ஒரு நாளைக் காட்டு, அன்னைக்கே தாலிக்குக் கழுத்தை நீட்டுறேன்."

அப்புறம் பேன்ட்ரியில் வந்து ஷீலாதான் விளக்கினாள். கோளாறுச் சேதிக்கு அவர்கள் பாஷையில் ஈவென்ட் என்று பெயராம். நாலு சாதனத்தையும் ஒன்றில் இணைக்கிறார்களாம். இனி நாலும் அழாது. இன்னது அறுந்தது என்று ஒரே வரி வரும், பார்க்க வேண்டியவன் போன் மட்டும் தானாக அடிக்கும்.

"எதோட எது சேரும்னு நான்தான் அதுக்குச் சொல்லிக்கொடுக்கணும், அம்மா."

"நல்லதுதானே மக்கா."

அவள் தம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள். "அது படிச்சு முடிச்சா, பின்னே எனக்கு இங்க என்ன வேலை? வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க. கல்லாறு விட்டு எங்க அம்மா வரமாட்டா."

டீயை மறுபடி சூடாக்கிக் கொடுத்தேன்.

இணைத்து முடித்த நாளுக்கு நான் சிறுபயறுப் பாயசம் வைத்துக் கொண்டுபோனேன். கல்யாணம் இல்லாவிட்டால் என்ன, பாயசம் பாயசம்தானே. பதினோரு மணி இருக்கும், எங்கேயோ வயர் அறுந்தது. பெரிய திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி. கோழிக்குஞ்சு இல்லை, விசில் இல்லை, பெல் இல்லை. கிழவன்கூட இருமவில்லை. வினோதின் போன் மட்டும் அடித்தது. பழக்கத்தில் அவன் எழுந்து, "ஷீலே..." என்று திரும்பினான். கேட்பதற்கு ஒன்றுமில்லை. போனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஷீலாவும் தட்டினாள். முகத்தில் பெருமை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "பாத்தீங்களா அம்மா, ஒத்த வரி!" என்றாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் பாயசம் தாங்க" என்று கேட்டு வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் எல்லாரும் டீயை ஆறவிடாமல் குடித்தது அன்றைக்குத்தான்.

கெட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் சீக்கிரம் சரியாகிறது என்றால் நல்லதுதான். ஆனால் வழக்கு தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்தது. ஆட்களை ஒவ்வொருவராக வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஷீலாவுக்கு பெங்களூரில்தான் வேலை என்றார்கள். அவள் அம்மா கடையை அடைத்துக்கொண்டு கூடவே போனாள். வரமாட்டாள் என்று நினைத்த ஆள், மகளுக்காகப் போனாள். வினோத் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறானாம். அறையைப் பிரித்துக் கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டார்கள். பேன்ட்ரியில் என் இடத்தில் ஒரு மிஷின், பொத்தானை அமுக்கினால் டீ வரும். அதில் இஞ்சியின் படம் மட்டும் உண்டு.

ஓணத்துக்கு ஷீலா போன் பண்ணினாள். "இங்க ஒரு சண்டையும் இல்லம்மா. நானும் திரையும்தான். 'என்றெ அல்ல'ன்னு சொல்லக்கூட ஆளில்ல" என்று சிரித்தாள். சிரிப்பு முழுசாக வரவில்லை. அந்தப் பக்கம் அவ்வளவு அமைதி. போனை வைத்துவிட்டாளோ என்று நான் மூன்று தடவை கேட்டேன்.

சரி, போதும் மக்கா. எழுதினதை ஒருக்கா வாசி, கேக்கட்டும். வினோத் பேசுற இடத்தை மட்டும் கொஞ்சம் உரக்க வாசி. அவன் மெதுவா பேசி நான் கேட்டதே இல்ல.