மூன்றாவது கருத்து

பதினெட்டு வருஷமாக அந்த நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிறவள் அவள். வாசகர்கள் பெயர் போடாமல் கருத்து எழுத, ஒவ்வொரு பின்னட்டையிலும் ஒரு தாள் ஒட்டுவதும் அவள் வேலைதான். பெயர் எதற்கு? கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

அன்று திரும்பி வந்தது ஒரு திகில் நாவல். ஒருத்தியிடம் சிநேகமாகப் பழகி, அவள் துணி, வேலை, வீடு என்று எல்லாவற்றையும் தனதாக்கிக்கொள்ளும் இன்னொருத்தியின் கதை. 'ரெண்டு நாளாத் தூக்கம் போச்சு' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தவர் தையல்காரர். 'ஊர் உலகத்தில் இப்படியெல்லாம் நடக்குமா? சுத்தப் பேத்தல்' என்றது கணக்கு வாத்தியாரின் முத்து முத்தான எழுத்து. அவருக்கு எந்தப் புத்தகம்தான் பிடித்திருக்கிறது?

மூன்றாவது கருத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். 'அந்தச் சிநேகிதி செய்த ஒரே தப்பு, அவசரப்பட்டது.'

அது அவளுடைய சொந்தக் கையெழுத்து. ஆனால் அவள் எழுதவில்லை.

"உங்க எழுத்து அழகா இருக்குக்கா, எனக்கும் கத்துக்கொடுங்க" என்று ஆறு மாதமாக மத்தியானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகியவள் ஒருத்திதான்: நூலக முன்மேசை வேலைக்குப் புதிதாக வந்த சிநேகிதி. போன வாரம் இவளைப் போலவே முடி வெட்டிக்கொண்டவள். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இவள் வீட்டு மாற்றுச்சாவியை வாங்கி வைத்திருப்பவள்.

அந்தத் தாளை உரிக்கத் தொடங்கினாள். கதவு ஓசையில்லாமல் திறந்தது.

"ஏன்க்கா கிழிக்கிறீங்க?" என்றாள் சிநேகிதி, சிரித்துக்கொண்டே. "நல்லாத்தானே எழுதியிருக்கீங்க."